அணைக்கரை முதலையின் மூச்சு

ஆர்ஹுஸ், டென்மார்க்
19 ஜூன் 2025

மாமாவுக்கு,

சந்திரலேகா எழுதுகிறேன். உங்களுக்கு இருப்பது ஒரே கொழுந்தியாள் என்பதால் எந்தச் சந்திரலேகா என்று குழம்ப வேண்டியதில்லை. மே மாதத்திலிருந்து பதினேழு தடவை போன் செய்துவிட்டேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. சரி, காகிதத்தையாவது எடுத்துப் படிப்பீர்கள் என்று எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கூட்டாளி ஜெயபால் அண்ணன் நேற்றுப் போனில் பேசினார். மீன்பிடித் தடை முடிந்து படகுகள் கிளம்பிய முதல் நாளே உங்களைக் கூப்பிட்டார்களாம். பூம்புகாருக்கு நேர் கிழக்கே கடலடிப் பாறைப் பாரில் யாருடைய வலையோ சிக்கிக்கொண்டதாம். நீங்கள் போய் முக்குளித்து எடுத்துக் கொடுத்தீர்களாம். அதெல்லாம் நீங்கள் எப்போதும் செய்வதுதான். ஆனால் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்கினீர்கள் என்றாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் புடிக்கிறேண்டான்னு சொன்னேன், கயித்தையே வீட்ல போட்டுட்டு வந்திருக்கான்" என்று வருத்தப்பட்டார்.

கயிற்றின் அருமை எனக்குத் தெரியுமா உங்களுக்குத் தெரியுமா? ஒன்பது வருஷம் அதன் மேல்நுனி என் கையில்தான் இருந்தது. ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறீர்கள், இரண்டு இழுப்பு என்றால் தூக்க வேண்டும். மூச்சடக்கி இறங்குகிறவனுக்கு அவன் மச்சினன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். தன் அக்கா தங்கை தாலியறுக்க எவனும் விடமாட்டான், அதனால் அவன் கை அசந்துபோகாது. எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை, அப்பா அம்மாவையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. பொம்பளைப் பிள்ளை படகில் ஏறக் கூடாது என்று ஊரார் குதித்தபோது அக்கா என்ன கேட்டாள் என்று நினைவிருக்கிறதா? "தம்பி இல்லாதவ தாலிக்குக் காவலே கெடயாதா?" பதினாறு வயதில் நான் படகேறினேன்.

இப்போது நான் இல்லை என்பதற்காகக் கயிறே வேண்டாமென்று வைத்துவிடுவீர்களா? ஜெயபால் அண்ணனிடம் கொடுங்கள். என்மேல் இருக்கும் கோபத்தைக் கடலுக்குள் காட்ட வேண்டாம்.

என் வேலை நடக்கிறது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய நாட்டில் உட்கார்ந்துகொண்டு முதலை இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெயில் ராத்திரி பத்து மணிவரை அடிக்கிறது, பேசத்தான் ஆள் இல்லை.

சந்திரலேகா


தரங்கம்பாடி
10 ஜூலை 2025

அன்புள்ள சந்திராவுக்கு,

உன் கடிதம் வந்தது. நலம். போன் எடுக்காததற்கு என்னைத் தப்பாக நினைக்காதே. நேரில் உனக்கும் உன் அக்காவுக்கும் குரல் வேறு வேறாகத்தான் இருந்தது. போனில் உன் குரல் மலர்கொடி குரலாகவே வருகிறது. முன்பு ஒரு தடவை எடுத்தபோது "மாமா" என்று நீ சொன்னதும் வைத்துவிட்டேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. எழுது.

கயிறு விஷயம். ஜெயபால் நல்லவன். ஆனால் அவன் அக்காவோ தங்கையோ என் வீட்டில் இல்லை. வழக்கத்தை நீதானே எழுதியிருக்கிறாய். நான் மேலே வரவில்லை என்றால் யார் தாலி போகிறதோ அவளுக்காகப் பிடிப்பதுதான் கயிறு. மலர் போய் இரண்டு வருஷமாகிறது. இனி யாருக்காகப் பிடிப்பது? அதனால் சுருட்டி வைத்துவிட்டேன். கோபம் எதுவும் இல்லை.

முதலை பற்றி ஒன்று கேட்க வேண்டும். பேப்பரில் போட்டிருந்தான், முதலை இரத்தத்தில் உள்ள ஒரு பொருளை மனுஷனுக்கு வைத்தால் தண்ணீருக்குள் வெகுநேரம் இருக்கலாம் என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். உன் ஆராய்ச்சியும் அதுதானா? அப்படி வைத்தால் எத்தனை நிமிஷம் இருக்கலாம்? மருந்தாகக் கொடுப்பார்களா, ஊசியா?

இப்போது எனக்கு மூன்று நிமிஷம் பத்து விநாடி வருகிறது. நீ இருந்தபோது இரண்டே முக்கால்தான்.

வீட்டுக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் ஏறி முருங்கை பட்டுப்போனது. வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
நீலமேகம்


ஆர்ஹுஸ்
1 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

மூன்று நிமிஷம் பத்து விநாடி என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெருமையாக இல்லை, பயமாக இருக்கிறது.

முதலில் உங்கள் கேள்வி. இதை ஆரம்பித்து வைத்தவரே நீங்கள்தான். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் மோட்டார் விழுந்துவிட்டது என்று உங்களைக் கூப்பிட்டார்களே, அன்று எதிர்க்கரையில் ஒரு முதலை கிடந்தது. அது நீருக்குள் போனதும் நீங்கள் இறங்கமாட்டேன் என்று கரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பத்தொரு நிமிஷம் கழித்து மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. "இதுக்கு மட்டும் எப்புடி முடியிது? நீ காலேஜ்ல கேட்டுச் சொல்லு" என்றீர்கள். கேட்டேன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

நம் இரத்தத்தை மயிலாடுதுறை டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் என்ற பஸ் ஸ்டாண்டில் பிராணவாயு ஏறுகிறது. உடம்பெங்கும் சுற்றி வருகிறது. ஆனால் எல்லாரும் இறங்குவதில்லை. பாதிக்கு மேல் பயணிகள் உட்கார்ந்தபடியே திரும்பி வந்துவிடுகிறார்கள். நமக்கு அது போதும், ஏனென்றால் அடுத்த மூச்சு உடனே வந்துவிடும். முதலைக்கு அடுத்த மூச்சு எப்போதோ. அதனால் அதன் பஸ்ஸில் ஒரு கறார் கண்டக்டர் இருக்கிறார். மூச்சை அடக்கினால் வெளியே போக வேண்டிய கெட்ட காற்று உள்ளேயே தங்கி இரத்தத்தில் கரைகிறது அல்லவா, அது ஆப்பசோடா மாதிரி ஒரு உப்பாகிறது. அந்த உப்புதான் கண்டக்டர். கடைசிப் பயணிவரை இறக்கிவிட்டுத்தான் விடும். நாம் வேண்டாமென்று ஊதித் தள்ளுவதை வைத்தே முதலை பிழைக்கிறது.

இதை மனுஷ இரத்தத்தில் கொண்டுவர முடியுமா என்று முப்பது வருஷமாகப் பார்க்கிறார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் கொஞ்சம் நடந்திருக்கிறது. ஆனால் முதலையிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்து நம்முடையதில் ஒட்டினால் நினைத்தபடி வேலை செய்வதில்லை. அந்தத் துண்டுக்கு அதன் அக்கம்பக்கமும் சேர்ந்து வர வேண்டியிருக்கிறது. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. என் காலத்தில் வருமா என்பதே சந்தேகம். பேப்பர்காரன் எழுதியதை நம்பாதீர்கள்.

இப்போது என் கேள்வி. இரண்டு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்களே. மலர்கொடி விட்டுப்போன வீட்டில் தங்கச்சியே விளக்கேற்றட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்களே. நான் பெண்கள் பக்கம் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடியாது, அவள் எனக்குக் கயிறு பிடித்த பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். நம் ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்காதவர் ஒத்துக்கொண்டதாகத்தான் பொருள் என்று உங்களுக்குத் தெரியாதா?

கூட்டம் நடந்த பதினோராம் நாள் நான் விமானம் ஏறிவிட்டேன். உங்களிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. எனக்கு அக்காவும் போய், உங்களையும் அந்தக் கூட்டத்தோடு தொலைத்ததாகவே இருந்தது. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

சந்திரலேகா


தரங்கம்பாடி
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சந்திராவுக்கு,

பஸ் கதை புரிந்தது. ஜெயபாலுக்கும் படித்துக் காட்டினேன். அவனுக்கும் புரிந்தது.

கூட்டத்து விஷயம் இப்போது வேண்டாம்.

போன வாரம் பன்னிரண்டு பாகம் ஆழத்தில் ஒரு வேலை. உன் ஊரில் பாகம் என்றால் தெரியாது, நீ மறந்திருக்கமாட்டாய், கை இரண்டையும் விரித்தால் ஒரு பாகம். அங்கே ஒரு பழைய விசைப்படகு மூழ்கிக் கிடக்கிறது. வருகிறவன் வலையெல்லாம் அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் மாட்டிக்கொள்கிறது. நாலு தடவை இறங்கி அறுத்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பூசாரியைக் கூட்டி வருவார்கள். நீ படித்தவள் என்பதால் எழுதுகிறேன்.

கீழே இரண்டே முக்கால் நிமிஷம் தாண்டியதும் மூச்சு வேண்டும் என்ற தவிப்பு இல்லாமல் போகிறது. முன்பெல்லாம் அதற்கு முன்பே மேலே வந்துவிடுவேன், நீதான் கயிற்றை இழுத்துவிடுவாயே. இப்போது இழுக்க ஆள் இல்லாததால் இருந்து பார்த்தேன். தண்ணீர் கலங்கல்தான், கை தெரியாது. ஆனாலும் வெளிச்சமாக இருக்கிறது. சத்தம் எல்லாம் நின்றுவிடுகிறது. பக்கத்தில் மலர் இருக்கிறாள். பார்க்க முடியவில்லை, ஆனால் இருக்கிறாள். அடுப்படியில் அவள் வேலையாக இருக்கும்போது நான் கூடத்தில் படுத்திருப்பேனே, அப்படி. பேச வேண்டியதில்லை, அவள் வீட்டில் இருக்கிறாள் என்று தெரியும். அந்த நிம்மதி.

மேலே வந்தால் வீடு காலியாக இருக்கிறது. கதவைத் திறக்கும்போதே தெரிகிறது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது.

இது உங்கள் புத்தகத்தில் உண்டா? முதலை இரத்தம் கேட்டது வலைக்காக இல்லை. கீழே இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கலாமே என்றுதான்.

இப்படிக்கு,
நீலமேகம்


ஆர்ஹுஸ்
10 செப்டம்பர் 2025

மாமா,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. படித்துவிட்டு உங்களுக்கு ஆறு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஜெயபால் அண்ணனைக் கூப்பிட்டு, உங்களைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள் என்று கெஞ்சினேன். "அவன் யாரு பேச்ச கேக்குறான்" என்கிறார்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அது அக்கா இல்லை.

அது பிராணவாயு இல்லாமல் மூளை மங்கும்போது வருவது. வெளிச்சம், அமைதி, பக்கத்தில் வேண்டியவர் இருப்பது போன்ற நிம்மதி, எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அடுத்த வரியில் என்ன இருக்கிறது தெரியுமா? மயக்கம். மேலே ஏறி வருகிறபோது, கடைசி இரண்டு பாகத்தில், வெளிச்சம் கண்ணில் பட்ட பிறகு, முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு போய்விடும். மூழ்குகிறவருக்கு மூழ்குகிறோம் என்றே தெரியாது. நீங்கள் திரும்பி வந்த நான்கு தடவையும் தப்பிப் பிழைத்த தடவைகள்.

தவிப்பு ஏன் வரவில்லை என்று யோசித்தீர்களா? அதை நான்தான் எடுத்துவிட்டேன். கல்லூரி இரண்டாம் வருஷம் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேனே, இறங்குவதற்கு முன் வேகமாக இருபது தடவை மூச்சை இழுத்து ஊதுங்கள் என்று. நேரம் கூடியது, இரண்டு பேரும் குதித்தோம். அக்கா அன்று சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அப்படி ஊதினால் உள்ளே பிராணவாயு கூடுவதில்லை மாமா. கெட்ட காற்றுதான் முன்கூட்டியே வெளியே போகிறது. மூச்சு வேண்டும் என்று உடம்பைத் தவிக்க வைப்பதே அந்தக் கெட்ட காற்றுதான். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு வீட்டைத் திறந்து போட்ட மாதிரி.

அதை நான் இங்கே வந்த பிறகு, முதலையைப் படிக்கப் படிக்கத்தான் முழுதாக உணர்ந்தேன். உடனே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் என்னிடம் பேசாமல் இருந்தீர்கள், நானும் வீம்பாக இருந்தேன். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விநாடி எண்ணிய காலத்தில் அந்தத் தப்பு உங்களை ஒன்றும் செய்யவில்லை. இப்போது அது உங்களைக் கொன்றுவிடும். இது என் தப்பு.

தயவுசெய்து இறங்காதீர்கள். இறங்கியே தீர வேண்டுமென்றால் அந்த இருபது மூச்சு வேண்டாம். சாதாரணமாக ஒரு மூச்சு எடுத்து இறங்குங்கள், தவிப்பு வந்ததும் மேலே வாருங்கள்.

உடனே கிளம்பி வர முடியாதபடி டிசம்பர்வரை ஆய்வகத்தில் சோதனைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த ஊரில் தெருவில் நின்ற சிவப்புத் தபால்பெட்டிகளைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போகிறார்கள். யாரும் கடிதம் எழுதுவதில்லையாம். இதைப் போட ஒரு மளிகைக் கடைவரை நடக்க வேண்டும். ஓடியே போகிறேன்.

சந்திரலேகா


தரங்கம்பாடி
3 அக்டோபர் 2025

சந்திராவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கவில்லை.

அது மலர் இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். உனக்கு எப்படித் தெரியும்? நீ கீழே இறங்கியிருக்கிறாயா? கண்ணாடிக் குழாய்க்குள் அவளைப் பார்த்தாயா? எனக்கு இருப்பது அது ஒன்றுதான். அதையும் மூளை மங்கல் என்று சொல்லி எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய். கயிற்றை முதலில் விட்டவள் நீ. இப்போது ஏழு கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு இறங்காதே என்கிறாய்.

கோபத்தில் எழுதுகிறேன். எழுத ஆரம்பித்துவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாமென்றுதான் இருந்தேன்.

மலர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது உனக்கு அந்த ஊரிலிருந்து இடம் கிடைத்த தகவல் வந்தது. காய்ச்சல் நூற்றுநாலு. அந்த நிலையிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவள எப்புடியாவது அனுப்பிடுங்க. நான் இல்லன்னா ஊரு அவள நிறுத்திப்புடும்" என்றாள். நான் சரி என்றேன்.

கூட்டத்தில் நான் முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பொண்டாட்டி இல்லாத வீட்டில் கல்யாணமாகாத பிள்ளையை எப்படி வைப்பது என்று கேட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேறொருவனைப் பார்த்திருப்பார்கள். இரண்டு பேர் பெண் கேட்டு முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள், உனக்குத் தெரியாது. வாய் திறக்காமல் இருந்தால் நீ எனக்கென்று பேசி முடித்தவளாகிவிடுவாய். பேசி முடித்த பெண்ணை வேறு யாரும் கேட்க முடியாது. எனக்கும் மலரின் வருஷத் திதி முடியும்வரை கல்யாணம் கிடையாது. அந்த ஒரு வருஷத்துக்குள் நீ போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ பதினோரு நாளில் போனாய். நல்லதுதான்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைத் தனியே விட்டுப் போக உனக்கு மனசு வந்திருக்காது. என்மேல் வெறுப்போடு போனால் திரும்பிப் பார்க்கமாட்டாய் என்று பட்டது. பேசி முடித்த கொழுந்தியாளே ஓடிப்போனாள் என்று ஊர் இரண்டு வருஷமாகச் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

ஆனால் தனியாக இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியாது.

நீலமேகம்


ஆர்ஹுஸ்
20 அக்டோபர் 2025

மாமா,

இன்று அங்கே தீபாவளி. நம் வீட்டில் மட்டும் விளக்கு இருந்திருக்காது. இங்கே ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிட்டது. உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆய்வகத்தின் பின்படியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை முடிந்த பிறகு எழுதலாம் என்று பார்த்தால் அது முடிகிற வழியாக இல்லை.

இரண்டு வருஷம் உங்களைப் பற்றி எவ்வளவு கேவலமாக நினைத்திருக்கிறேன். அதை எழுதவும் கூசுகிறது. மன்னித்துவிடுங்கள். கயிற்றை முதலில் விட்டவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கட்டிக்கொள்ள என்னால் முடியாது, உங்களுக்கும் அந்த எண்ணம் இருந்ததில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் நீங்கள் மேலே வராவிட்டால் இழக்க யாரும் இல்லை என்று எழுதினீர்களே, அது பொய். எனக்கு அப்பா முகம் நினைவில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீங்கள். கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள். நீங்களும் போய்விட்டால் என்னை "ஏய் முதலச்சி" என்று கூப்பிட இந்த உலகத்தில் ஆள் இல்லை.

டிசம்பர் 19 சென்னையில் இறங்குகிறேன், டிக்கெட் போட்டுவிட்டேன். அதுவரை உயிரோடு இருங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

சந்திரா


தரங்கம்பாடி
14 நவம்பர் 2025

அன்புள்ள சந்திராவுக்கு,

தீபாவளிக் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மழையில் உறை நனைந்து, ஊர்ப் பெயர் மட்டும்தான் மிச்சம் இருந்தது. தபால்காரர் தெரிந்தவர் என்பதால் வந்து சேர்ந்தது.

நீ வருவதாக எழுதியதால் முதல் வேலையாக ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பேச்சு இனி இல்லை, அவள் எனக்குப் பிள்ளை மாதிரி என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். "இத ரெண்டு வருசம் முன்னாடி சொல்றதுக்கென்ன" என்று கேட்டார். தொண்டை கட்டியிருந்தது என்றேன். நீ பயமில்லாமல் வரலாம்.

இனி மற்றது. நடந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுத வரவில்லை.

அக்டோபர் பதினோராம் தேதி, மழைக்காலம் தொடங்கும் முன், அதே பன்னிரண்டு பாகத்துக்கு ஜெயபால் படகில் போனேன். அன்று வலை எதுவும் சிக்கவில்லை. நானாகத்தான் போனேன். உன்மேல் இருந்த கோபத்தில், நீ சொன்னது தப்பு என்று காட்ட வேண்டும் என்று போனேன். பரீட்சை என்றால் சரியாகச் செய்ய வேண்டும், சாட்சி வேண்டும் என்று நீ சொல்வாயே. அதனால் இடுப்பில் கயிற்றைக் கட்டி ஜெயபாலிடம் கொடுத்தேன். இருபது மூச்சு ஊதவில்லை. ஒரே மூச்சு. மலர் அங்கே இருப்பது நிஜம் என்றால் நான் எப்படி மூச்சு விட்டு இறங்கினாலும் இருப்பாள் அல்லவா.

படகின் கொம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு நிமிஷம் ஐம்பதில் தவிப்பு வந்தது. நெஞ்சுக்கூட்டை யாரோ உள்ளிருந்து உதைப்பது போல. இத்தனை வருஷத்தில் அவ்வளவு பலமாக வந்ததே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வெளிச்சம் வரவில்லை. இருட்டுதான். சேறு நாற்றம் கூடத் தெரிந்த மாதிரி இருந்தது. மூச்சு வேண்டும், மூச்சு வேண்டும் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. மேலே வந்துவிட்டேன். இரண்டு நிமிஷம் ஆறு விநாடி என்றான் ஜெயபால்.

கொஞ்சம் இருந்துவிட்டு மறுபடி இறங்கினேன். மறுபடியும். மூன்று தடவை. அவள் இல்லை.

"என்னடா பாத்த?" என்று ஜெயபால் கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் திரும்பி உட்கார்ந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான், நல்லவன். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

நீ சொன்னதுதான் சரி. அந்த இருபது மூச்சை இனி ஊதமாட்டேன். அதனால் உயிரோடு இருப்பேன், பயப்படாதே. ஆனால் சந்திரா, அவள் போனது இப்போதுதான் போனது போல் இருக்கிறது. இதுவரை கீழே போனால் இருப்பாள் என்று ஒரு இடம் இருந்தது. அதுவும் இல்லை.

நீ படித்தவள். இரத்தம், மூச்சு, மூளை எல்லாம் தெரிந்தவள். மேலே இருந்துகொண்டே, மூச்சு விட்டுக்கொண்டே, ஒருத்தியோடு எப்படி இருப்பது என்று தெரிந்தால் எழுது.

நீலமேகம்


ஆர்ஹுஸ்
29 நவம்பர் 2025

மாமா,

உங்கள் பக்கம் புயல் மழை என்று செய்தியில் பார்த்தேன். படகுகளை மேலே ஏற்றியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது. முதலை எப்படி நாற்பத்தொரு நிமிஷம் இருக்கிறது என்று என்னால் இப்போது ஓரளவு சொல்ல முடியும். நீங்கள் கேட்டதைச் சொல்ல முடியாது.

ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் துளியும் சந்தோஷம் இல்லை. நான் சொன்னது தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஒரு நிமிஷம் நினைத்தேன்.

நானும் இங்கே அவளைத் தேடியிருக்கிறேன். அவள் பேர்கூடத் தெரியாத ஊர் இது. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட யாரிடமும் மலர்கொடி என்று நான் சத்தமாகச் சொன்னதில்லை. நீங்களும் சொல்லியிருக்கமாட்டீர்கள். அவளைப் பற்றிப் பேச மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர்தான். நாமும் பேசாமல் இருந்துவிட்டோம்.

ஒன்று சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாது, சொல்லக் கூடாதென்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். நாம் கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும், இந்நேரம் அவர் இறங்கியிருப்பார் என்று கணக்குப் பார்த்து, அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளும் மூச்சை அடக்குவாளாம். நீங்கள் எத்தனை விநாடி இருந்தீர்கள் என்று வந்ததும் என்னிடம் தனியாகக் கேட்பாள். பிறகு தன்னுடையதைச் சொல்வாள். நாற்பத்திரண்டு விநாடிக்கு மேல் ஒரு நாளும் அவளால் முடிந்ததில்லை. "எப்புடிடி அந்த மனுசனால முடியிது" என்று மூச்சிரைக்கச் சிரிப்பாள்.

இப்படி என்னிடம் நிறைய இருக்கிறது. உங்களிடமும் எனக்குத் தெரியாதவை இருக்கும். இருபதாம் தேதி காலை மயிலாடுதுறை வந்துவிடுவேன். உட்கார்ந்து பேசுவோம். கஷ்டமாகத்தான் இருக்கும். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். நானும் போகமாட்டேன்.

சந்திரா